ஜான்சி சொன்ன ஹார்ட்லி

ஜான்சி ஒருத்தனை மண்வெட்டிக் கணையால் அடித்துச் சாய்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வெட்டினாள் என்கிறார்கள், தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள் என்கிறார்கள். வெட்டும் இல்லை, கல்லும் இல்லை. வெறும் கணை, மண்வெட்டியின் மரப்பிடி. அதையும் அவள் தேடிப்போய் எடுக்கவில்லை, எட்டின இடத்தில் கிடந்தது. ஆனால் அந்த அடிக்கு முன்னால் ஒரு இங்கிலீஷ் சொல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அடியை மட்டும் சொன்னால் அவளை ரவுடி என்பீர்கள். அதனால் நான் சொல்லிலிருந்துதான் சொல்வேன். அவசரப்படுகிறவர்கள் எழுந்து போகலாம்.

அவள் பிறந்தது உத்தமபாளையம் பக்கம், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே மாதா கோயில் இருக்கும் ஒரு சின்ன ஊர். அப்பா ஜான் பீட்டர் பந்தல்களுக்கு மருந்தடிக்கிறவர். குடித்துவிட்டு வந்தால், மருந்தடிக்கும் ஓஸ் குழாயை இரண்டாக மடித்து அவள் அம்மா செலினை விளாசுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும்போதே ஜான்சி ஒருநாள் அந்த ஓஸை அரிவாளால் துண்டுதுண்டாக நறுக்கிக் கிணற்றில் போட்டாள். அதற்கும் அடி வாங்கினாள். ஆனால் புது ஓஸ் வாங்குகிறவரைக்கும் வீட்டில் சத்தம் இல்லை. அவ்வளவுதான் அவள் குணம். விவரம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பன்னிரண்டு வரைக்கும் படித்தாள். இங்கிலீஷில் நல்ல மார்க். இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக்கொடுத்த ஒரு வழி அவளுக்கு மனதில் பசையாக ஒட்டியிருந்தது. சொல்லுக்குப் பின்னால் ‘லி’ போட்டால் தமிழில் ‘ஆக’. ஸ்லோ என்றால் மெதுவான, ஸ்லோலி என்றால் மெதுவாக. கிளியர் என்றால் தெளிவான, கிளியர்லி என்றால் தெளிவாக. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். அந்த வழி அவளை எங்கே கொண்டுபோய்த் தள்ளியது என்று கேளுங்கள்.

கூடலூரில் சின்னப்பராஜுக்கு வாக்கப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். சின்னப்பராஜுக்கு ஜீப். விடியலில் எங்களை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி, மலையேறி, குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். ஜான்சியும் எங்களோடு காய் எடுக்க வந்தாள். புருஷன் பக்கத்து சீட்டு சும்மா கிடந்தாலும், பின்னால் எங்கள் இடுக்கில்தான் நெருக்கிக்கொண்டு உட்காருவாள். எனக்கு வயதாகிவிட்டதால் செடி நிரையில் குனிய முடியாது. ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கட்டடத்தில், காம்பு பொறுக்குகிற வேலை. என் மகள் வயிற்றுப் பேத்தி சொர்ணலதா, ஜான்சிக்குப் பக்கத்து நிரையில் காய் எடுப்பாள்.

சூப்பர்வைசர் கிங்ஸ்லி. மலையாள ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் பள்ளத்தாக்குக்காரன்தான். எங்கள் பேச்சுத்தான் பேசுவான், எங்கள் பேச்சில்தான் வைவான். கையில் எந்நேரமும் ஒரு ஓஸ் துண்டு. ஏலச்செடியின் அடியில் சரம் சரமாகக் காய் இருக்கும். முற்றினதை மட்டும் எடுக்க வேண்டும். வாளியில் பிஞ்சு கிடந்தால் முதல் அடி வாளிக்கு, அடுத்த அடி ஆளுக்கு. சொர்ணத்தை ஒருநாள் ஓஸை விட்டுவிட்டுக் கையாலேயே கன்னத்தோடு சேர்த்து அறைந்தான். வலது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரைக்கும் வழிந்தது. தேனியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, “அந்தக் காது போச்சு. இடது காதும் பலவீனமா இருக்கு. அதுல ஒரு அடி பட்டா பிள்ள முழுச் செவிடாயிரும்” என்றார். அன்றிலிருந்து எனக்குக் கவலை ஒன்றுதான். அவன் கை அந்த இடது காதுக்குப் போவதற்குள் அவனைத் தோட்டத்தைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும்.

போலீசுக்குப் போகலாமே என்பீர்கள். போனோம். கூடலூரில் கேட்டால், “அடி விழுந்தது கேரளாவுல, அங்கன போங்க” என்றார்கள். மலைமேல் கேட்டால், அடித்தவனும் பட்டவளும் தமிழ்நாடு, “நிங்ஙள் தம்மில் பறஞ்ஞு தீர்க்கு” என்றார்கள். உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். மிச்சம் இருந்தது தோட்டத்து மேனேஜர். அவர் வடக்கத்தி ஆள். தமிழ் வராது, மலையாளம் வராது, இந்தியும் இங்கிலீஷும்தான். நாங்கள் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்கிறவன் யார்? கிங்ஸ்லி. அப்புறம் என்ன நியாயம் கிடைக்கும்?

மழைக்காலம் தொடங்கின சமயம். சொர்ணம் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கிங்ஸ்லி வலப்பக்கமாக வந்து நின்றான்.

“ஏய், யாரு வாளிடி இது? பூராவும் பிஞ்சாக் கெடக்கு.”

அவளுக்குக் கேட்கவில்லை.

“செவிட்டு முண்டம், உன்னத்தான்!” என்று ஓஸை ஓங்கினான். ஜான்சி இடையில் போய் நின்றாள்.

“அண்ணே, அவ தலப்பக்கம் ஓங்காதீக. டாக்டரு சொல்லியிருக்காக.”

“டாக்டரு சொன்னாகளா? அப்ப அவளுக்குள்ளத நீ வாங்கிக்க.”

முதல் அடியை அவள் இடது கையால் தடுத்தாள். முழங்கைக்குள் எலும்பு முறிந்த சத்தம் நாலு நிரை தள்ளி நின்றவர்களுக்குக் கேட்டதாம். விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. முதுகில், தொடையில், பிறகு ஷூ காலால் வாயில். கீழுதடு பிளந்து, ஏலச்செடி அடியில் பூவெல்லாம் சிவப்பாகிக் கிடந்தது. ஸ்டோருக்குத் தூக்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து யார் என்று எனக்கே தெரியவில்லை. சேலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் சொன்னது இதுதான். “சங்கிலியாத்தா, இனிமே நமக்கு எவனும் எடுத்துச் சொல்ல வேணாம். எனக்கு இங்கிலீஷ் வரும். நானே பேசுறேன்.”

மறுநாள் ஜீப்பில் மலையேறுகிறவரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஹார்டு என்றால் கடுமையான. ‘லி’ போட்டால் ‘ஆக’. ஆகவே ஹார்ட்லி என்றால் கடுமையாக. எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். மேனேஜர் நம்பாவிட்டால் நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஸ்டோர் வாசலில் மேனேஜர் நின்றார். கிங்ஸ்லி முந்திக்கொண்டு, அவள் சேற்றில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லி வைத்திருந்தான். அதனால் மேனேஜர் ஜான்சியிடம், விழுந்தாயாமே, அவன் அடித்தானா என்று கேட்டார்.

“யெஸ் சார். ஹி பீட் மி ஹார்ட்லி.”

மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். “ஹார்ட்லி?”

“யெஸ் சார். ஹார்ட்லி. வெரி ஹார்ட்லி!”

நாங்கள் விடுவோமா? பின்னால் நின்ற அத்தனை பேரும், “ஆமா சார், ஹார்ட்லி! ஹார்ட்லி!” என்று கத்தினோம். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினவள் நான்தான்.

மேனேஜர் சிரித்துவிட்டார். “ஓகே, ஓகே. ஹார்ட்லி. நோ ப்ராப்ளம்” என்று சொல்லி, கிங்ஸ்லியின் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் சின்னப்பராஜ் கேட்டான். “என்னம்மா இங்கிலீஷ்காரி, கிங்ஸ்லியத் தூக்கியாச்சா?”

“சொல்லியாச்சு. ஓகேன்னாரு. நோ ப்ராப்ளம்னாரு.”

“கைய ஒடிச்சதுக்கு எவனாச்சும் நோ ப்ராப்ளம்பானா? நீ அப்பிடி என்னதான் சொன்ன?”

குமுளி செக்போஸ்டில் ஜீப் வரிசையில் நின்றபோது ஜான்சி போனை எடுத்து அந்தச் சொல்லைத் தட்டினாள். பார்த்தாள். திரும்பவும் தட்டிப் பார்த்தாள்.

“என்னடி சொல்லுது?” என்றேன்.

“அரிதாகவே, ஏறக்குறைய இல்லைன்னு போட்டிருக்கு, ஆத்தா. அவன் என்னைய வெளுத்து வாங்கினான்னு சொல்லப் போயி, அவன் என்னைய அடிச்சும் அடிக்காமத் தொட்டான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்களும் கூடச் சேந்து கத்தியிருக்கீக.”

கேட்காத காது எங்கள் பக்கம் இருக்க உட்கார்ந்திருந்த சொர்ணம், “என்னக்கா? என்னவாம்?” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பதிலுக்கு சின்னப்பராஜ் ஸ்டியரிங்கில் குத்தினான், ஹாரன் அலறியது.

விடிந்ததும் போனாள். “நாட் ஹார்ட்லி சார். ஹார்டு. ஹி பீட் மி ஹார்டு” என்றாள். அடி பலமாக இருந்தால் வெறும் ஹார்டுதான், அதற்கு ‘லி’ வேண்டாம் என்பதை அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள். மேனேஜர் கேட்டதை அவளே பிற்பாடு எனக்குத் தமிழில் சொன்னாள்: “நேத்து ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. நாளைக்கு என்ன சொல்லுவ?” கிங்ஸ்லி பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான்.

அதற்குப் பிறகு அவனுக்கு அந்தச் சொல் இன்னொரு ஓஸ் ஆகிவிட்டது. ஒருத்தியின் முட்டியில் ஓஸை வீசுவான், “இது ஹார்ட்லி. போ, போயிச் சொல்லு” என்பான். ஒருத்தியின் கொண்டையைப் பிடித்துச் செடியில் முட்டுவான், “இதுவும் ஹார்ட்லிதான?” என்பான். சாயங்காலம் ஜீப்பில் ஒவ்வொருத்தியும் சேலையை விலக்கிக் கன்றிப்போன இடத்தைக் காட்டும்போது, “எனக்கு ரெண்டு ஹார்ட்லி, உனக்கு எத்தன?” என்று கேட்டுச் சிரித்துக்கொள்வோம். சிரித்தால் வலிக்கும். ஆனாலும் சிரித்தோம்.

கை கட்டோடு இருந்த நாளெல்லாம் ஜான்சிக்கு ஸ்டோரில் என் பக்கத்தில் வேலை. ஒரு கையால் காம்பு பொறுக்குவாள், போனைத் தொடைமேல் வைத்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். ஏமாற்றிய ஆளை ஊர் ஊராகத் தேடுகிற மாதிரி, அது எங்கெங்கே போகிறது, யாரோடு சேருகிறது என்று பார்த்தாள். எனக்கும் சொல்லுவாள், நான் கேட்டுக்கொள்வேன். ‘ஹார்ட்லி எனி வாட்டர்’ என்றால் தண்ணீர் இருக்கிறது, ஆனால் இல்லாத குறை. கோடையில் எங்கள் தெருக் குழாய் மாதிரி. ‘ஹார்ட்லி எவர்’ என்றால் எப்போதாவது அத்திபூத்தாற்போல. ‘கேன் ஹார்ட்லி’ என்றால் முடிகிறது, ஆனால் உயிர் போகிறது. நான் வாசல்படி ஏறுவது அப்படித்தான். ஒன்று நடந்து முடிவதற்குள் இன்னொன்று வந்து விழுந்தால் அதற்கும் இந்தச் சொல்தானாம். ஜீப்பை விட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது என்கிறோமே, அந்த இடம்.

“வொர்க் ஹார்டுன்னா முதுகொடிய வேல செய்யிறது, ஆத்தா. ஹார்ட்லி வொர்க்னா வேலையே செய்யாத மாதிரி.”

“அப்பன்னா கிங்ஸ்லி?”

“அவன் ஹார்ட்லி வொர்க்ஸ்.”

“இல்லங்கிறதயும் கூடச் சேத்துக்கணுமா?”

“வேணாம். அதுக்குள்ளயே ஒரு இல்ல ஒளிஞ்சிருக்கு. இன்னொரு இல்ல போட்டா ரெண்டும் அடிச்சுக்கும்.”

ஒரு கேள்விக்குப் பதிலாக அதைத் தனியாகவும் சொல்லலாம். உனக்கு அவன் உதவினானா என்று கேட்டால், ‘ஹார்ட்லி!’ நாம் ‘எங்க உதவினான்!’ என்று கையை விரிக்கிறோமே, அது. இத்தனையும் எதற்குடி உனக்கு என்று கேட்டேன். “இந்தச் சொல்லுதான என் வாயில அடிச்சது. அது எப்பிடிப்பட்டதுன்னு தெரிய வேணாமா?” என்றாள்.

கட்டைப் பிரித்தார்கள். கை நீளவில்லை. முழங்கையில் மடங்கினபடியே நின்றுவிட்டது. அப்படியே நிரைக்குத் திரும்பினாள்.

அன்றைக்கு நல்ல மழை. மத்தியானம் எல்லாரும் எடை போட முற்றத்தில் வரிசையில் நின்றார்கள். நான் ஸ்டோர் வாசலில் காய் அள்ளிக்கொண்டிருந்தேன். சொர்ணம் வரிசையில் கொஞ்சம் விலகி நின்றாள். கிங்ஸ்லி வலப்பக்கமிருந்து கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. சிரித்துக்கொண்டே சுற்றி இடப்பக்கம் வந்தான்.

“அந்தப் பக்கம் கேக்கல. இந்தப் பக்கமாச்சும் கேக்குதான்னு பாப்பம்.”

ஓஸ் துண்டு காற்றில் கிழிந்து இறங்கியது. நான் அலறின அலறல் அவளுக்குக் கேட்டதோ, இல்லை ஓங்கின கை கண்ணில் பட்டதோ, தலையைச் சாய்த்துவிட்டாள். அடி காதில் விழவில்லை. தோளிலும் தாடையிலும் விழுந்து தோலைச் சீய்த்துக்கொண்டு போனது. வாய் நிறைய ரத்தத்தோடு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது இடது காது அவனுக்கு நேராக நின்றது. அவன் இரண்டாவது முறை ஓங்கினான்.

மண்வெட்டி கழன்றுபோன கணை ஒன்று சுவரோரம் கிடந்தது. ஜான்சி நல்ல கையால் அதை எடுத்து, மடங்கின கையை அண்டைகொடுத்து வீசினாள். முதல் வீச்சு அவன் மணிக்கட்டில். ஓஸ் சேற்றில் விழுந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது காறை எலும்பில். எலும்பு முறிகிற சத்தத்தை முன்பு மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தேன், அன்றைக்கு நானே கேட்டேன். மூன்றாவது முழங்காலில். அவன் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் குப்புற விழுந்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றினபோது தலையில் ஒன்று. நெற்றி பிளந்து, மழைத் தண்ணீரோடு ரத்தம் வாய்க்கால் நெடுகப் போனது. அவள் கத்தவில்லை, வையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நெல்லடிக்கிற மாதிரி அடித்தாள்.

யாரும் தடுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், நானும் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு நான் இன்றைக்கும் பதில் சொல்வதில்லை. அவர்கள் பேத்தியின் காது அவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

மேனேஜர் குடையோடு ஓடி வந்தார். கிங்ஸ்லி வாய்க்காலில் உட்கார்ந்து, உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு, “போலீஸ் சார்! போலீஸ்!” என்று ஊளையிட்டான். ஜான்சி கணையைக் கீழே போடவில்லை.

நீதான் அடித்தாயா என்று மேனேஜர் கேட்டார்.

“யெஸ் சார். ஐ பீட் ஹிம் ஹார்ட்லி.”

மேனேஜர் வாய்க்காலில் ஓடுகிற ரத்தத்தைப் பார்த்தார். “ஹார்ட்லி? யூ மீன் ஹார்டு.”

“நோ சார். ஹார்ட்லி. சேம் ஹார்ட்லி.”

சொல்லிவிட்டு, மடங்கின கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீட்டினாள் என்று சொல்கிறேன், அது எங்கே நீண்டது? பாதியில் நின்றது. அந்தக் கையை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு அவள் இங்கிலீஷில் மெதுவாகப் பேசினாள். அதை ஜீப்பில் நாங்கள் பலமுறை கேட்டு வாங்கிக்கொண்டோம். அவன் என்னை அடித்தது ஹார்ட்லி என்றால் நான் அடித்ததும் ஹார்ட்லி. போலீஸ் வேண்டாம். நான் அடித்தது ஹார்டு என்றால் அவன் அடித்ததும் ஹார்டு. போலீசைக் கூப்பிடுங்கள், ரெண்டு பேரும் போகிறோம். எது என்று நீங்களே சொல்லுங்கள் சார்.

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். எங்களிடம் என்ன கேட்க நினைத்தாரோ தெரியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து, “ஹார்ட்லி சார்! ஹார்ட்லி!” என்று கத்தினோம். முன்பு அர்த்தம் தெரியாமல் கத்தினோம். இந்த முறை தெரிந்து கத்தினோம். வாயில் ரத்தத்தோடு சொர்ணமும் கத்தினாள்.

அவர் சிரிக்கவில்லை. கிங்ஸ்லியைப் பார்த்து இந்தியில் என்னவோ சொன்னார், அவன் ஊளை நின்றது. அவனை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த ஜீப் சின்னப்பராஜுடையது. வழியெல்லாம் ஒரு பள்ளத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை என்று கேள்வி. கிங்ஸ்லி திரும்பவும் அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. ஆனால் மேனேஜர் ஜான்சியையும் அன்றே போகச் சொல்லிவிட்டார். இனி இந்தக் கேட்டுக்குள் வராதே என்று.

வேலை போனது, கை போனது, அவள் என்ன ஜெயித்தாள் என்று கூடலூரில் கேட்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் மாட்டேன்.

இப்போது ஜான்சி ஊரடியில் திராட்சைத் தோட்டத்தில் பெட்டி அடுக்குகிறாள். மடங்கின கை பெட்டி அணைக்கத் தோதாக இருக்கிறது என்று அவளே கேலி பேசுவாள். நானும் சொர்ணமும் இன்னும் மலைக்குத்தான் போகிறோம். விடியலில் சின்னப்பராஜ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் முதலில் எழுந்து விளக்குப் போடுகிறவள் சொர்ணம். நான் வாசலுக்கு வருவதற்குள் ஜான்சி எதிர்வீட்டிலிருந்து கத்துவாள்.

“ஏ சொர்ணம், காது எப்பிடிடீ இருக்கு?”

“வலது ஹார்ட்லி. இடதுல நல்லாக் கேக்குது, நீ கத்தாத!”